பூச்சாடியில் சங்கன், பதுமன்



நம்ம கைவினை வகுப்பில் காலி பாட்டிலைக் கழுவி, பெயிண்ட் அடித்துப் பூச்சாடி ஆக்குகிறோம். எல்லாம் ரோஜாப்பூ, இல்லாவிட்டால் மயில். சாமி கதையிலிருந்து வரையலாமே என்றால், "பாட்டில்ல போய் சாமியா? உடைஞ்சா குப்பைக்குத்தானே போகும்" என்கிறார்கள். இதைப் பற்றித்தான் என் கருத்து.

கண்ணாடிக்கும் சாமிக்கும் பகை கிடையாது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களில் வெண்ணெய்க் கிருஷ்ணரும் ராமர் பட்டாபிஷேகமும் உண்டு. அதைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவாங்க. நாம பேப்பரில் கடைசியா வைக்கிற பொட்டும் நகையும் அங்கே முதலில் வரும், பின்னணி நிறம் கடைசியில்தான். இடம் வலமும் மாறிடும். நம்ம சங்கரநாராயணரை அப்படி வரைவது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க! வலப்பாதி சிவன், இடப்பாதி விஷ்ணு. பிறையையும் சங்கையும் பக்கம் மாற்றிப் போட்டால்தான் முன்னாலிருந்து பார்க்கும்போது சரியாக இருக்கும்.

உடைகிறதைப் பற்றி ஒன்று. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமானியர்கள் செய்த போர்ட்லாந்து ஜாடி கருநீலக் கண்ணாடி. மேலே வெள்ளைக் கண்ணாடியில் உருவங்கள் செதுக்கியிருக்கும். அது அவங்க புராணக் கதை என்றுதான் பலரும் சொல்றாங்க. 1845-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒருத்தர் அதைச் சுக்குநூறாக உடைச்சுட்டார். யாரும் குப்பையில் போடவில்லை. ஒட்டி வைத்துவிட்டார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் தெருவில் பொறுக்கிய பாட்டிலில் (என்ன பாட்டில்னு உங்களுக்கே தெரியும்) கோமதியம்மனை வரைய எனக்கும் மனசு வராது. எங்க ஆச்சி பார்த்தா அவ்வளவுதான். அதனால நான் சொல்வது சங்கன், பதுமன். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்ட நாக ராஜாக்கள். அம்மன் தவம் இருந்த ஆடித்தபசுக் கதையில் வர்றவங்க.

உருண்டைப் பாட்டிலுக்குப் பாம்பைவிடப் பொருத்தம் எது? எம்-சீலைப் பிசைந்து கயிறு மாதிரி உருட்டிச் சுற்றினால் போதும். ஒரு தலை இந்தப் பக்கம், ஒரு தலை அந்தப் பக்கம். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஒருத்தன் முகம்தான் தெரியும். மற்றவனைப் பார்க்க பாட்டிலைத் திருப்பணும். ரோஜாப்பூவில் இந்த வேலை நடக்குமா?

பாம்புன்னா பயமா இருக்கும்னு சிலர் சொல்றாங்க. சங்கரன்கோவில் போய் புற்றுமண் எடுத்து நெத்தியில் பூசுறோம், பாம்புத் தகடு வாங்கிக் காணிக்கை போடுறோம். வீட்டு அலமாரியில் வைக்க மட்டும் பயமா? கறுப்பு அடிக்க வேண்டாம், பச்சையும் தங்கமும் போதும். மயிலுக்கு வாங்கின பெயிண்ட்டே மிச்சம் கிடக்கு.

– 9-ஆம் வகுப்பு மாணவி