கூச்சத்தில் வளரும் பூஞ்சை

ஆன்டிபயாடிக் சாப்பிடும் ஆணுக்கு ஆணுறுப்பின் முன்தோலுக்கடியில் சிவப்பு, அரிப்பு, திரிந்த பால் போல வெள்ளைப் படிவு தென்பட்டால் கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். கிருமியோடு நல்ல பாக்டீரியாவும் சாவதால் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. இதைப் ‘பொம்பளைங்க நோய்’ என்று நினைத்திருப்பவர் திருவண்ணாமலை மாடவீதியில் ஏதோ ஒரு மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் களிம்பு கேட்டால், ஸ்டீராய்டு கலந்தது கைக்கு வந்துவிடக்கூடும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

டாக்டரைப் பார்க்க அரைநாள் கூலி போகுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு வாங்காமல் பார்ப்பதோடு, ரத்தச் சர்க்கரையையும் சோதிக்கலாம். திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைக்குப் பின்னால் கண்டறியாத நீரிழிவு இருப்பதுண்டு. குளோட்ரிமசோல் களிம்பிலேயே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் குணமாகும். ஆன்டிபயாடிக்கைத் தானாக நிறுத்த வேண்டியதில்லை. சளிக்கெல்லாம் அதை வாங்கி விழுங்குவதுதான் நிற்க வேண்டும். 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்1 பட்டியல் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மருந்துச்சீட்டும் கடையில் தனிப் பதிவேடும் கேட்கிறது.