கணக்கு யார் ரத்தத்தில் ஓடுகிறது?

தோட்டத்துக் கடையிலும் கோயில் வாசலிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சீனப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஓடுது, நம்ம பிள்ளைக்கு மண்டையில ஏறாது." சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால், பக்கத்தில் ஐஸ் வாங்க நிற்கிற பத்து வயதுப் பையனுக்கும் அது கேட்கிறதே!

ரத்தம்தான் காரணம் என்றால், நம் ரத்தத்தையே எடுத்துப் பார்ப்போம். அந்தக் காலத்தில் இரயில்வே வேலைக்கும் அரசாங்கக் கிராணி வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான், கும்பிட்டதும் அதே முருகனைத்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் டாக்டராகவும் வக்கீலாகவும் ஆனார்கள். காரணம் என்ன? யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1823-லேயே உயர்கல்விக் கூடம் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலம் படித்தவனுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தான் அவன் மகன்.

நம் பாட்டன்மார் கதை வேறு. தோட்டத்தில் 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912-இல் சட்டம் வந்தது. வைத்தார்கள். எப்படி? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் அவர் தலையில். சில இடங்களில் கங்காணியே வாத்தியார்! அதே 1912-இல்தான் ஈப்போவில் செயிண்ட் மைக்கேல் பள்ளி தொடங்கியது. ஆண்டர்சன் பள்ளி 1909-லேயே வந்துவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்தது. தொழிலாளி மகனோ நாலாவது படித்துவிட்டு வந்தாலும் அவனுக்காகக் காத்திருந்தது பால்வெட்டுக் கத்திதான். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே பெரட்டு, ஒரே சம்பளம். பிறகு எதற்காக அவன் விழுந்து விழுந்து படிப்பான்? என்னைக் கேட்டால் அது சோம்பல் அல்ல. அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு!

ஜான் ஓக்பு என்ற அறிஞர் இதைத்தான் ஆராய்ந்தார். நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களின் பிள்ளைகள் நெடுங்காலம் படிப்பில் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்காவுக்குப் போன கொரியர்களின் பிள்ளைகளோ முன்வரிசையில் நின்றார்கள். ஒரே இனம், இரண்டு தேசம். படித்தாலும் மேலே போக விடமாட்டார்கள் என்று கண்ட இடத்தில் பிள்ளையின் மனம் படிப்பை விட்டு விலகுகிறது என்பது அவர் கருத்து. நம் நாட்டிலும் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஒரு காலத்தில் பேசினார்கள். 1972 முதல் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. தங்குமிடமும் சாப்பாடும் நல்ல ஆசிரியரும் கிடைத்ததும், அதே கம்பத்திலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள். சீனர்களில் பலருக்குக் கடையே முதல் பள்ளிக்கூடம். சில்லறை எண்ணும் பிள்ளைக்குக் கழித்தல் தானே வருகிறது.

கதவைத் திறப்பது அரசாங்கத்தின் வேலை, சமுதாயத்தின் வேலை. அதை விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் நடப்பது ஒன்று இருக்கிறது.

1980-களில் ஹெரால்டு ஸ்டீவன்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் மினியாபொலிஸ், ஜப்பானின் செண்டாய், தைவானின் தைப்பே ஆகிய மூன்று ஊர்களில் தாய்மார்களைப் பேட்டி கண்டார்கள். கணக்கில் அமெரிக்கப் பிள்ளைகள்தான் பின்தங்கியிருந்தார்கள். ஆனால், பிள்ளையின் படிப்பில் அதிகத் திருப்தியோடு இருந்தவர்கள் அமெரிக்கத் தாய்மார்கள்! பிறவித் திறமையை அவர்கள் பெரிதாக நினைத்தார்கள். ஜப்பானியத் தாயும் சீனத் தாயும் உழைப்பையே பெரிதாகச் சொன்னார்கள். திறமை பிறவியிலேயே தீர்ந்துபோன விஷயம் என்றால் பிள்ளைக்குச் செய்ய என்ன மிச்சம்? உழைப்பு போதவில்லை என்றால் நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது.

வரலாற்று அறிஞர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. பாடம் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், பத்துமலைக்குக் கல்வி யாத்திரை அழைத்துப் போய், 'என்னால் முடியும்' என்ற எண்ணத்தைப் பிள்ளை மனத்தில் ஊன்றப் பார்த்தது. டியூஷன் எங்கும் கிடைக்கும். இது எளிதில் கிடைப்பதில்லை.

புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ, ஷிப்ட் முடிந்து அலுப்போடு வரும் தாயாரே! மகன் கணக்கில் 38 புள்ளி வாங்கி வந்தால், "உனக்கு வராதுடா" என்று சொல்லிவிடாதீர்கள். எந்தக் கணக்கில் தடுமாறினான் என்று கேளுங்கள். பின்னமா, வகுத்தலா? உங்களுக்கு அது தெரியாது என்றால் வெட்கம் வேண்டாம். அடுப்படியில் அவனை உட்காரவைத்து, "எனக்குச் சொல்லிக் கொடுய்யா" என்று கேளுங்கள். எந்த வரியில் அவன் நிற்கிறானோ அந்த வரியை ஒரு தாளில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.