ஆறாம் வகுப்பிலேயே முடிந்துபோன கணக்கு

என் நீட் மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்: பி.சி. பிரிவுக்குப் போன வருடம் எதில் முடிந்தது, இரண்டாவது ரவுண்டில் எவ்வளவு இறங்கும், பல் மருத்துவமாவது தேறுமா என்று. ஊரே போட்டுப் பார்த்தாயிற்று. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேனில்கூட என் கட்-ஆஃப்தான் பேச்சு.

சிவகாசியில் ஒரு மண்டபத்தில் மருத்துவ இடத்துக்கு வாய்ப்பு பார்த்துச் சொல்கிறார்கள் என்று அம்மா என்னைக் கூட்டிப்போனாள். லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவர் மதிப்பெண்ணைத் தட்டியதும் முகம் மலர்ந்து, "கவர்மென்ட் ஸ்கூல்தானம்மா? அக்கா, கவலையே படாதீங்க. செவன் பாயின்ட் ஃபைவ் கோட்டாவுல சீட் உறுதி. விருதுநகர் காலேஜே கிடைச்சாலும் கிடைக்கும்" என்றார். பிறகுதான் எந்தெந்தப் பள்ளியில் படித்தேன் என்ற சான்றிதழைக் கேட்டார். பட்டாசு ஆலையில் அலுமினியப் பவுடர் ஏறிக் கிடக்கும் விரல் பட்டுவிடக் கூடாதென்று அம்மா அதை முந்தானையால் பிடித்து நீட்டினாள். ஆறு, ஏழு, எட்டு என்ற வரிகளில் அவர் பேனா நின்றது. "இது எய்டட் ஸ்கூலாச்சே... அப்ப பொதுவுலதான் பாக்கணும். சான்ஸ் இல்லக்கா." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "உன்ன அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்தது என் குத்தமாடீ?"

யாருடைய குற்றம் என்று நானும் கேட்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இருப்பதே ஒரு நடுநிலைப் பள்ளிதான். அரசு உதவிபெறும் பள்ளி. வாத்தியார்களுக்கு அரசாங்கச் சம்பளம், எங்களுக்கு அரசாங்கப் புத்தகம், அரசாங்கச் சத்துணவு. கட்டணம் என்று ஒரு பைசா கொடுத்ததில்லை. 2018 ஜூனில் நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். அந்த அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அம்மாவுக்கு வேலையில்லை. அந்த மாதங்களில் எனக்கு வயிறு நிறைந்தது அந்தப் பள்ளியின் மதியச் சோற்றில்தான். பிள்ளையைப் பல மைல் தள்ளி அரசுப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டாயே என்று அவளை இன்று யார் கேட்பது?

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் என்ற ஒதுக்கீடே அப்போது கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குள் நுழையவே முடியவில்லை என்றுதான் நீதிபதி கலையரசன் தலைமையில் குழு போட்டார்கள். குழு 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5 கொடுத்தது. 2020 அக்டோபர் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதாவது, ஏறக்குறைய இரண்டரை வருடம் முன்பு நான் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் பின்னால் வந்து சொல்கிறது.

சரி, ஆறிலிருந்தே அரசுப் பள்ளி என்பது உறுதியான விதியா என்றால் அதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5 உண்டு. மெட்ரிக் பள்ளியில் படித்தவனுக்குக் கதவு திறக்கிறது. கூரை ஒழுகும் எங்கள் நடுநிலைப் பள்ளியில் படித்தவளுக்குப் பூட்டு! ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்திருந்தாலும் எங்களுக்கு நியாயம் வேறு வேறு. அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. எனக்கு ஏன் இல்லை?

உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் 7.5 செல்லும் என்றது. இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் மாநில அரசோ, 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், கிராமத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவைக் கொண்டுபோனது. அந்த டிசம்பரிலேயே உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் திட்டத்தை விரித்தது. இப்போது பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்திருக்கிறேன், மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் விழுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு நான் அவர்கள் பிள்ளை. மருத்துவ இடத்துக்கு மட்டும் அந்நியப் பிள்ளையா?

அந்தக் காமராசரே விருதுநகரில் அரசுப் பள்ளியில் அல்ல, சத்திரிய வித்தியாசாலையில் படித்தவர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டி நடத்திய பள்ளிக்கூடம் அது. அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் இந்த மாவட்டத்தில் ஊர்க்காரர்களும் மகமைக்காரர்களும் மிஷன்காரர்களும் பள்ளி கட்டினார்கள். 2018இல் பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர்தான் மாநிலத்தில் முதல், 97.05 சதவீதம் என்று கொண்டாடியபோது, இது அரசுப் பள்ளித் தேர்ச்சி, இது எய்டட் தேர்ச்சி என்று யாரும் பிரித்துக் கொண்டாடவில்லையே!

ஏன் டாக்டர்தான் ஆக வேண்டும் என்று கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் முதலில் எந்த ஆலை என்று கேட்பார்கள். அடுத்து, தீக்காய வார்டுக்கு எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள் என்று. இதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு வருடம் கோச்சிங் போ, அடித்துவிடலாம் என்கிறார்கள். அதற்குக் கேட்கும் தொகை அம்மாவின் ஒரு வருடக் கூலியையும் தாண்டும். கடன் வாங்கிக் கட்டினாலும் நீட்டைத்தான் திரும்ப எழுத முடியும், ஆறாம் வகுப்பையா திரும்பப் படிக்க முடியும்?

தம்பி இப்போது ஏழாவது, அதே பள்ளியில். அறிவியலில் என்னைவிடக் கெட்டி. லேப்டாப்காரர் அவனுக்கு மதிப்பெண் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த விதி இப்படியே இருந்தால், அவன் வாய்ப்பு ஆறாவதில் சேர்ந்த அன்றே போய்விட்டது.