ஆறு இல்லை என்ற பொய்

"யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை" என்று மேடைதோறும் கூசாமல் சொல்லி வருகிறோம். வற்றாத ஆறு இல்லை என்பதே உண்மை. 'வற்றாத' என்ற அந்த ஒரு சொல்லை விழுங்கியதற்கு மாரிதோறும் விலை கொடுக்கிறோம்.

1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம், ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி, இலங்கை முழுவதையும் தாள் தாளாக வரைந்தது. ஐயம் உள்ளவர்கள் அதன் யாழ்ப்பாணத் தாளை விரித்துப் பார்க்கட்டும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியே குளங்களைக் கோத்துக்கொண்டு இறங்கி, அராலிப் பக்கம் கடனீரேரியில் சேர்வது வழுக்கையாறு. அது மாரியில் மட்டுமே ஓடும். ஆனாலும் அது ஆறுதான்.

வெள்ளைக்காரன் கீறிய படம் நமக்கெதற்கு என்பார் சிலர். வரிக்கும் வீதிக்கும் படைக்குமாகவே அவன் அளந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தண்ணீர் ஓடிய இடத்தை மறைப்பதால் அவனுக்கு இலாபம் ஏதும் இருக்கவில்லை. இன்று காணி விற்பவருக்கு இருக்கிறது. ஆவணியில் காய்ந்து கிடக்கும் தரவையைக் காட்டி 'வெறுங்காணி' என்கிறார், வாங்குபவர் நம்புகிறார், மண் கொட்டி மதில் எழுப்புகிறார். கார்த்திகையில் வெள்ளம் அயலவர் வீட்டுக்குள் போகிறது. உறுதி கோடையைப் பார்த்து எழுதப்படுகிறது. வரைபடமோ மாரியையும் பதிந்து வைத்திருக்கிறது.

வெள்ளம் மட்டுமே பிரச்சினை என்றால் வடிகாலோடு முடிந்துவிடும். நமது கிணறுகளின் நன்னீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மழையன்றி அதை நிரப்ப வேறு வழியில்லை. குளமும் தரவையும் மழைநீரைத் தடுத்து நிறுத்தினால்தான் அது நிலத்துள் இறங்கும்.

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் முற்றுப்பெறவில்லையே என்று இன்றும் புலம்புகிறோம். நியாயமான புலம்பல். ஆனால் கனகராயன் ஆற்று நீருக்கு ஏங்குபவர்கள், முற்றத்தால் போகும் வழுக்கையாற்றை அடைத்துவிட்டு ஏங்குவது என்ன நியாயம்?

1658 முதல் 1795 வரை நம்மை ஆண்ட ஒல்லாந்தரைப் பாருங்கள். கடலை அணைகட்டித் தடுத்த அந்த நாட்டினரே, 1993, 1995 வெள்ளங்களின் பின் அணைகளைப் பின்தள்ளி ஆறுகளுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீடுகளையும் பண்ணைகளையும் இடம் பெயர்த்தார்கள்.

நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பழைய தாள்கள் ஒவ்வொரு பிரதேச சபையிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அவற்றில் ஓடை, குளம், சதுப்பு என்று குறிக்கப்பட்ட இடத்தில் கட்டட அனுமதி கேட்பவர், தண்ணீர் வேறெங்கே போகும் என்று முதலில் காட்டவேண்டும். காட்ட முடியாதவருக்கு, அவர் எந்தக் கட்சிக்காரராயினும், அனுமதி கொடுக்கக்கூடாது.