யாருடைய உடம்பை அளந்தீர்கள்?

பனமலை தாளகிரீஸ்வரர் கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அங்கே ஒரு சிறு சந்நிதியின் சுவரில் உமையின் ஓவியம் இருக்கிறது. குடை நிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்தபடி, சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடுகிறவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள்தான் மிஞ்சியிருக்கிறாள்.

அந்த ஊரிலிருந்து இயற்பியல் படிக்க வந்த ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அணுசக்தி பற்றி ஒரு கருத்தரங்கு. பேசி முடித்தவரிடம் அவள் எழுந்து கேட்டாள்: "சார், பாதுகாப்பான அளவுன்னு சொல்றீங்களே, அது எங்க அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒண்ணுதானா?"

"பயப்படாதம்மா, வாழைப்பழத்துலகூடக் கதிர்வீச்சு இருக்கு" என்றார் அவர். அரங்கம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயப்படவில்லை. கேள்வி கேட்டாள். பெண் கேட்கும் கேள்வியைப் பயமாக மாற்றிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, தேற்றினால் போதும். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட ஒரு மாதிரி மனிதர் தேவைப்பட்டார். 1970களில் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் அவரை வரையறுத்தது: 20 முதல் 30 வயது, 70 கிலோ எடை, 170 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை இன ஆண், மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்கப் பழக்கவழக்கங்கள். களத்துமேட்டில் மல்லாட்டை உடைக்கும் நம் அம்மாக்கள் யாரும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். 2007இல் பெண் உடல் மாதிரியையும் சேர்த்தார்கள். ஆனால் இரண்டையும் சராசரியாக்கி மறுபடியும் ஒரே எண்ணாகத்தான் தருகிறார்கள்.

அந்தச் சராசரி எதை மறைக்கிறது? ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஒரே அளவு கதிர்வீச்சு பெண்களிடம் ஆண்களைவிட அதிகமாகப் புற்றுநோயை உண்டாக்குவது தெரிந்தது. சிறு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளான பெண் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையே 2006இல் இதை ஒப்புக்கொண்டது. கதிர்வீச்சுப் பணியில் இருப்பவர் கருவுற்றால் அவருக்குத் தனி வரம்பு உண்டு. வேலிக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்கோ ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பதே பொது வரம்பு. அதில் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்ற பிரிவு இல்லை. ஆகவே அந்த மாணவியின் கேள்விக்குச் சரியான விடை: "அளவு ஒன்று, ஆபத்து ஒன்றல்ல." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இது புதுக்கதையும் அல்ல. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பதற்கும் பிறக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை 1956இல் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் கண்டுசொன்னார். குழந்தைகளைப் பெற்ற தாய்மார்களிடம் கேட்டுத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். அதை மருத்துவ உலகம் ஏற்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

"மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். மின்வெட்டில் அம்மி அரைத்தவர்கள் நாம். மின்சாரத்தின் அருமை நமக்கும் தெரியும். நெய்வேலி நிலக்கரிப் புகையும் உடம்புக்கு நல்லதல்ல என்பதும் தெரியும். நான் கேட்பது வேறு. மின்சாரம் மட்டும்தான் காரியம் என்றால் இவ்வளவு ரகசியம் எதற்கு? கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை கட்டப்பட்டிருக்கிறது. மின்சாரத்தோடு புளூட்டோனியத்தையும் பெருக்கித்தரும் உலை அது. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக 2006இல் உலைகளைச் சிவில், ராணுவம் என்று பிரித்தபோது, இந்த ஈனுலையைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்படுத்த இந்திய அரசு மறுத்தது. அணுக்கரு இணைவிலும் இதே இரட்டை முகம்தான். 2022 டிசம்பரில், கொடுத்த லேசர் ஆற்றலைவிட அதிக ஆற்றல் கிடைத்துவிட்டதாக உலகம் கொண்டாடிய லிவர்மோர் ஆய்வகம் அமெரிக்காவின் அணு ஆயுத ஆய்வகம். ஒரே கட்டடத்துக்கு முன்வாசலில் விளக்கு, பின்வாசலில் குண்டு.

எண்கள் வெளியே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொக்ரானே சாட்சி. 1998 மே மாதம் நடந்த சோதனைகளுக்குச் 'சக்தி' என்று பெயர் வைத்தார்கள். அழிப்பதற்கும் பெண் பெயர்தான் கிடைத்தது! ஹைட்ரஜன் குண்டு 45 கிலோடன் வலுவோடு வெடித்ததாக அறிவித்தார்கள். நில அதிர்வுப் பதிவுகளைப் பார்த்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் அவ்வளவு இருக்காது என்றார்கள். அந்தச் சோதனையில் பங்கேற்ற விஞ்ஞானி கே. சந்தானமே 2009இல், குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று சொன்னார். பூமியின் அதிர்வுக்கு யாரும் முத்திரை வைக்க முடியாது என்பதால்தான் அந்த விவாதமே சாத்தியமானது.

நம் கரையும் அதிர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது என்பது உண்மை. ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்ததும், ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போனதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் மேடையில் சொல்கிறார்கள்.

இடிந்தகரைப் பெண்கள் இதைத்தான் கேட்டார்கள். பீடி சுற்றிக்கொண்டே பந்தலில் உட்கார்ந்து, ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த கண்களோடு கேட்டார்கள். 2012இல் கூடங்குளம் பகுதி மக்களுக்கு ஆலோசனை சொல்ல மனநல நிபுணர்களை நாடியது மத்திய அரசு. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகை. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. கேட்டால் பைத்தியம், விடாமல் கேட்டால் துரோகி. கருத்தரங்கில் எழுந்த சிரிப்புக்கும் இதற்கும் ஒரே வேர்.

மாணவிகளே, அறிவியலை விட்டு ஓடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பூமியின் மையத்துக்குள் ஓர் உள்மையம் இருப்பதை 1936இல் நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தவர் இங்கே லேமன் என்ற பெண். ஆய்வகத்துக்குள் போங்கள். போனபின் சராசரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, கருவில் இருக்கும் குழந்தைக்கு எவ்வளவு? கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் சுற்றியுள்ள ஊர்களின் புற்றுநோய், கருச்சிதைவு, பிறவிக் குறைபாட்டுக் கணக்குகளை, அணுசக்தித் துறையைச் சாராதவர்கள் எடுத்துத் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள்.

பனமலை மாணவி கருத்தரங்கு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "நான் கேட்டது தப்பா மிஸ்?" என்றாள். தப்பில்லை கண்ணு. நீ உட்கார்ந்ததுதான் தப்பு. அடுத்த முறை எழுந்தால், பதில் வரும்வரை நில். உன் பக்கத்தில் நாங்களும் நிற்கிறோம்.