சிறு புண்ணும் அதன் போக்கும்

ஆரியசாலையிலும் அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம் சங்க அன்பர்களுக்குத் தாம்பூலத்தின் சிறப்பை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வாய்ப்புற்றைப் பற்றிப் பேசப் புகுந்தால் தாம்பூலத் தட்டினின்றே தொடங்க வேண்டியிருக்கிறது. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறுதியிட்டுக் கூறியுள்ளது.

தொடக்க நிலையிலுள்ள வாய்ப்புற்றை அறுவை மருத்துவத்தால் நீக்கலாம். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பார்சல் அலுவலகத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மூட்டைகளுள் எது எவ்வூருக்குச் செல்லும் என்பதை அவற்றில் கட்டிய சீட்டே சொல்லும். புண்ணுக்கோ அத்தகைய சீட்டு இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு புண்களுள் ஒன்று இருந்த இடத்திலேயே நிற்கும். மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாமல் கழுத்துக் கணுக்களுக்குப் பரவியிருக்கும்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் இதனை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். புண்ணோடு கழுத்துக் கணுக்களையும் முன்கூட்டியே அகற்றியவர்களுள் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். நோய் கழுத்தில் தோன்றியபின் அகற்றலாம் எனக் காத்திருந்தவர்களுள் அத்தொகை 67.5 மட்டுமே. ஆகவே முன்கூட்டி அகற்றுதலே நன்று. எனினும் அவ்வாறு அகற்றப்பெற்ற பெரும்பாலோரின் கணுக்களில் நோய் இருப்பதில்லை. அவர்களுள் சிலர் தோள்வலியையும் கை உயர்த்த இயலாமையையும் வீணே சுமக்கின்றனர்.

இங்கேதான் மூலக்கூற்று அடையாளங்கள் பற்றிய ஆராய்ச்சி பயன்படக்கூடும். புண்ணினின்று எடுத்த சிறு சதைத்துணுக்கில் எம்மரபணு பழுதுற்றது, எப்புரதம் மிகுந்தது என்று கண்டு, பரவும் புண் எது என முன்னரே அறிய அறிஞர் முயல்கின்றனர். பி-53 என்னும் மரபணு அவ்வாறு ஆராயப்படுவனவற்றுள் ஒன்று. ஆயினும் கழுத்தைத் தொடாது விடலாம் என்று தனித்து நின்று முடிவுரைக்கும் அடையாளம் எதுவும் இன்னும் நிலைபெறவில்லை. புண்ணின் அளவும் ஆழமுமே இன்றும் மருத்துவருக்குத் துணை.

அந்நாள் வரும்வரை நாம் செய்யத்தக்கது யாது? விடை நம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. மண்டலப் புற்றுநோய் மையத்தின் சார்பில் 1996 முதல் 2004 வரை 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற ஊழியர் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை ஒளிபாய்ச்சிக் கண்ணால் நோக்கினர். வேறு கருவி இல்லை. புகையிலை, மது ஆகியவற்றைப் பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு, சோதனை நடைபெறாத ஊர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது.

வெளியூரில் வாழும் நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நோயைத் தள்ளிப்போடுவர். வாய்ப்புண் அத்தவணையை ஏற்காது. இரு வாரங்களில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரிடம் காட்டுக. வலி இல்லை என்று வாளா இருத்தல் வேண்டா. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. இம்மாதம் இல்லத்துப் பெரியோரின் வாயை ஒருமுறை விளக்கொளியில் நோக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.