டீசர் எப்படியும் போகட்டும், ட்ரெய்லர்?

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு சினிமாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு சாம்பிள் தெரியும். இது சாம்பிள் விவகாரம்தான்.

ஆர்டர் கொடுக்கிற பையருக்கு நாங்கள் முதலில் அனுப்புவது புரோட்டோ. கையிருப்பில் உள்ள துணி, ஏறக்குறைய ஒத்துப்போகிற கலர், கிடைத்த பட்டன். அவர் ஸ்டைலை மட்டும் பார்ப்பார். உற்பத்தி தொடங்கும் முன் அனுப்புகிற பிபி சாம்பிள் அப்படியில்லை. அதில் ஒரிஜினல் துணி, ஒரிஜினல் கலர், ஒரிஜினல் லேபிள் இருந்தாக வேண்டும். அதற்கு அப்ரூவல் வாங்கியபின், 180 ஜிஎஸ்எம் கனத்தில் துணியைக் காட்டிவிட்டு 160-ல் தைத்து அனுப்பினால் இன்ஸ்பெக்‌ஷனில் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

டீசர் புரோட்டோதான். ‘விக்ரம்’ டைட்டில் டீசர் 2020 நவம்பர் 7-ல், கமல் பிறந்தநாளுக்கு வந்தது. முறையான படப்பிடிப்பே அடுத்த வருடம்தான். படம் 2022 ஜூன் 3-ல் வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ‘கபாலி’ டீசரும் அப்படித்தான். 2016 மே தினத்தன்று வந்த அந்த ஒரு நிமிடச் சொச்சத்தில் கதை என்று ஒன்றுமில்லை. ரஜினி, கோட்டு, தாடி, நடை. எங்கள் பிரிண்டிங் செக்‌ஷனில் தமிழ் தெரியாத பீகார் பையன்கள்கூட டீ டைமில் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு டீசர் பார்ப்பார்கள். டீசருக்கு மொழி வேண்டியதில்லை, ஆள் தெரிந்தால் போதும்.

ட்ரெய்லர்தான் பிபி சாம்பிள். அது வருவது டிக்கெட் எடுக்கிற நேரத்தில். ‘லியோ’ ட்ரெய்லர் 2023 அக்டோபர் 5, படம் 19. ‘கூலி’ ட்ரெய்லர் 2025 ஆகஸ்ட் 2, படம் 14. ரசிகருக்கு இது தேவையே இல்லை, அவர் டீசரிலேயே முடிவு செய்தாயிற்று. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவருக்குத்தான் தேவை. ஓவர்லாக் மிஷினில் இருக்கும் அக்கா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்க, பசங்களைக் கூட்டிட்டுப் போலாமுங்களா?” இரண்டரை நிமிடம் வெட்டும் குத்தும் பார்த்தபின்னும் எனக்குப் பதில் தெரியாது. இன்று வருகிற ட்ரெய்லரில் பாதி, நீட்டி வைத்த டீசர். அக்காவின் கேள்வி சும்மா இல்லை. ‘கூலி’க்குக் கிடைத்தது ‘ஏ’ சான்றிதழ். பிள்ளைகளோடு குடும்பங்கள் வர முடியவில்லை என்று தயாரிப்புத் தரப்பே சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லை. ஷாருக் கானின் ‘ஃபேன்’ (2016) விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ஆசிரியை வழக்குப் போட்டார். மகாராஷ்டிர மாநில நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22-ல் அதை ரத்து செய்தது: ட்ரெய்லர் என்பது விளம்பரம், வாக்குறுதி அல்ல, அதனால் ஒப்பந்தம் எதுவும் உண்டாகாது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். இதே பதிலை நான் என் பையருக்குச் சொன்னால் அடுத்த ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்.

கதையைக் காட்டினால் கூட்டம் வராது என்பார்கள். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, இலங்கையிலிருந்து வந்து இங்கே மறைந்து வாழும் குடும்பத்தின் கதை என்பதை ட்ரெய்லரிலேயே சொல்லிவிட்டது. யாருக்கான படம் என்பது தெரிந்தே ஜனங்கள் போனார்கள். படம் ஓடியது.

தியேட்டரில் போடுகிற ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், யூடியூபில் விட அது தேவையில்லை. அக்கா பார்ப்பதோ யூடியூபில். எனவே, படத்தின் சான்றிதழ் கைக்கு வந்தபிறகே ட்ரெய்லரை விடட்டும். யு-வா, யுஏ-வா, ஏ-வா என்பதை முதல் காட்சியிலேயே, ஹீரோ பேர் அளவுக்குப் பெரிதாகப் போடட்டும். மற்றதையெல்லாம் தாராளமாக ஒளித்து வைத்துக்கொள்ளலாம்.